படலையடியில் கிடந்த கிணறுகள்

போன மாதம் நான் வேலை செய்த கந்தோரிலிருந்து கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்று இரண்டு வருடமான ஆளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தபடி சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிக் கொக்குவில்வரை போனேன். மேசையில் ஒரு படிவம் கிடந்தது. நான் காத்துவந்த இருபத்திரண்டு ஜி.பி.எஸ். கருவிகளையும் கழித்து ஏலத்தில் விடப்போகிறார்களாம். இனி எல்லாரும் கைத்தொலைபேசியில்தான் அளப்பார்களாம். நல்லது, காலம் மாறினால் கருவியும் மாறத்தான் வேண்டும். ஆனால் 'கழிப்பதற்கான காரணம்' என்ற கட்டத்தில் ஏற்கனவே தட்டச்சில் அடித்து வைத்திருந்தார்கள்: 'நம்பகத்தன்மை இல்லை.' அதற்குக் கீழே நான் கையொப்பம் போட வேண்டும்.

எனக்கு வந்ததே கோபம்!

"ஆர் இதை அடிச்சது?" என்று கேட்டேன்.

"அது சும்மா ஒரு ஒழுங்குக்குத்தானே அண்ணை. போட்டுவிடுங்கோ" என்றார் எழுதுவினைஞர்.

சும்மாவாம். நான் அந்த வரியைப் பேனாவால் வெட்டினேன். கருவிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, 'பத்தொன்பது சரியாக வேலை செய்கின்றன. மூன்றுக்குத் திரை போய்விட்டது' என்று என் கையால் எழுதிக் கையொப்பம் போட்டுவிட்டு வந்தேன். அந்த எழுதுவினைஞர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டட்டும். அந்தக் கருவிகள் எவ்வளவு நம்பிக்கையானவை என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. அறிந்த விதம் அவ்வளவு சுகமானதும் இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எதில் உப்பு ஏறுகிறது, எதில் உரம் கலந்திருக்கிறது என்று வீடுவீடாகப் பார்த்து வரைபடம் போடும் திட்டம் ஒன்றில் கருவிக் காப்பாளராக இருந்தேன். வெளிக்கள உத்தியோகத்தர்கள் கால்நடையாகப் போவார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் அவர்களுக்கு மூன்று வேலை. நாடாவை இறக்கி நீர்மட்டம் அளப்பது, பரிசோதனைக்குப் போத்திலில் தண்ணீர் எடுப்பது, கையில் உள்ள ஜி.பி.எஸ்.ஸின் பொத்தானை அமத்திக் கிணறு இருக்கும் இடத்தைப் பதிவது. பிறகு கிணற்றுக்கு ஓர் இலக்கம் ஒட்டுவார்கள். ஊரின் வரைபடம் முடிந்த பிறகு வீட்டுக்காரருக்குத் தண்ணீர் அறிக்கை போகும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் அந்த அறிக்கைக்காகக் காத்திருப்பார்கள்.

நான் படித்து வந்த ஆள் இல்லை. வானொலிப் பெட்டி திருத்தியவன். அதில் கற்றது ஒன்றுதான்: பெட்டியைத் திறக்குமுன் கொண்டுவந்தவரின் கதையைக் கேட்க வேண்டும். பாதிப் பழுது கதையிலேயே இருக்கும்.

எங்கள் திட்டத் தலைவர் யேசுதாசன் சேர், குருநகர்க்காரர். தகப்பன், தமையன்மார் எல்லாம் கடலுக்குப் போனவர்கள். இவர் ஒருவர் பொறியியலாளரானார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டை யன்னலடியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். யார் எந்த முறைப்பாட்டோடு போனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எங்கை நிண்டனீர்?" இன்ன கிணற்றின் அளவு பிழைத்துவிட்டது சேர் என்றால், ஏன் பிழைத்தது என்றோ யார் பிழை என்றோ கேட்க மாட்டார். எங்கே நின்றாய் என்பார். நிற்கிற இடம் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும் என்பது அவருடைய எண்ணம். முதலில் எனக்கு இது விசராக, பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

கந்தோர் முற்றத்தில் ஒரு சீமெந்துக் குற்றி நட்டு அதன் தலையில் ஓர் ஆணி பதித்தேன். அந்த ஆணியின் சரியான இடத்தை நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளந்து எழுதிவைத்தோம். தினமும் காலையில் ஒவ்வொரு கருவியும் அந்த ஆணியில் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். ஐந்து மீற்றருக்குள் காட்டினால் வெளியே போகலாம். அதற்கு மேல் விலகினால் திருத்துவதற்கு என் மேசை லாச்சிக்குள் வரும். வெளிக்களப் பிள்ளைகள் அதை என் பெயரால் 'தவம் அண்ணையின்ரை கோயில்' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், பஸ்ஸுக்கு நேரமானாலும் ஆணியைத் தொடாமல் ஒருவரும் வெளிக்கிட்டதில்லை.

வந்த பழுதுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருமுறை ஆறு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து மணிக்கே அணைந்துபோயின. திறந்து பார்த்தால் பற்றரி கசிந்து உள்ளே கறளும் துருவும். எப்படி என்று விசாரித்தேன். யுத்தத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் வானொலியில் செய்தி கேட்ட சனமல்லவா நாங்கள்! அந்தப் பழக்கத்தில் காலையில் புதுப் பற்றரியையும் கந்தோர் மதிலில் வரிசையாக அடுக்கிக் காயவிட்டிருக்கிறார்கள். "சூடு ஏறினா கனநேரம் நிக்கும் அண்ணை" என்று எனக்கே பாடம் சொன்னார்கள். மதிலில் இனிப் பற்றரி கண்டால் கையை முறிப்பேன் என்று சொல்லி நிறுத்தினேன்.

இன்னொருமுறை வடமராட்சி கிழக்கில் பதினொரு கிணறுகள் கடலுக்குள் போய்விட்டன. வரைபடத்தில்தான். கருவி ஒன்றின் ஞாபகம் நிறைந்துவிட்டதென்று யாரோ முழுவதையும் அழித்திருக்கிறார். அதோடு எங்கள் பழைய இலங்கை வரைபடத்துக்கு ஏற்றபடி நான் வைத்திருந்த அமைப்பும் அழிந்து, உலகப் பொது அமைப்புக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் இடையில் இருநூறு மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும். கரையோரக் கிணறுகள் எல்லாம் கிழக்கே நகர்ந்து கடலில் குளித்தன. "உப்புத்தண்ணி உப்பாத்தான் இருக்குமெண்டு கண்டுபிடிக்க எங்களுக்குச் சம்பளமோ தவம்?" என்றார் சேர், சிரிக்காமல். பதினொரு கிணற்றையும் அன்று மாலைக்குள் கரைக்கு இழுத்தேன்.

இப்படி ஒவ்வொரு பழுதாக வென்று வென்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. என் லாச்சியிலிருந்து பழுதான கருவி ஒன்று வெளியே போகாது என்று சபதம் போட்ட மாதிரி நடந்துகொண்டேன். அந்த நேரத்தில்தான் றஞ்சினியின் முப்பத்தொரு கிணறுகள் வந்தன.

றஞ்சினி வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து ஒரு வருடம் முடிகிற தறுவாயில் இருந்தா. தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடியும். வேலை அறிக்கை நல்லதென்றால் நிரந்தர நியமனம், இல்லாவிட்டால் வீடு. தாயும் தம்பியும் அவவின் சம்பளத்தில்தான் சீவித்தார்கள். கதை குறைவு, நடை வேகம். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. கருவியை என்னிடம் திருப்பித் தரும்போது துடைத்துத்தான் தருவா. எனக்கு அந்த ஒன்றே போதும்.

வரைபடப் பகுதியில் இருந்த பாஸ்கரன் ஒருநாள் ஒரு தாளோடு வந்தார். றஞ்சினி அளந்த கிணறுகளில் முப்பத்தொன்று வரைபடத்தில் வீட்டு வளவுக்குள் இல்லை, வெளியே தெரு ஒழுங்கையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சரியாக வீட்டுப் படலையடியில், வாசல் கதவுக்கு வெளியே.

"உள்ளை போகப் பஞ்சி அண்ணை. படலையிலை நிண்டபடியே அமத்திப்போட்டுப் போறா. நான் சேரிட்டைக் குடுக்கப்போறன்" என்றார்.

றஞ்சினியைக் கூப்பிட்டுக் கேட்டோம். நிலத்தைப் பார்த்தபடி ஒரே வார்த்தை சொன்னா.

"மெசின் பிழை அண்ணை."

என் மெசினா? எனக்குச் சுருக்கென்றது. பாஸ்கரனுக்கு முன்னால் என் முகத்தில் அடித்த மாதிரி. "ரெண்டு நாள் தாரும் பாஸ்கரன், மெசின் பிழையோ ஆள் பிழையோ எண்டு நான் காட்டுறன்" என்றேன். அப்போது எனக்கு அவவின் வேலை போவது நினைவில் வரவில்லை. என் ஆணியின் மரியாதை மட்டும்தான் நினைவில் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுத வேண்டும்.

றஞ்சினியின் கருவியை ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். ஆணியில் மூன்று மீற்றர் விலகல். பற்றரி முனை சுத்தம். அமைப்பு சரி. தகர வேலி சந்தேகம் வந்தது. இரண்டு பக்கமும் தகரம் அடித்த ஒடுங்கிய ஒழுங்கையில் வானத்திலிருந்து வரும் சற்றலைற்றின் சைகை தகரத்தில் பட்டுத் தெறித்து அளவைக் குழப்புவதுண்டு. அப்படியான ஒழுங்கை ஒன்றில் கருவியைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் மேலும் கீழும் நடந்தேன். குழம்பியது, ஆனால் ஒருமுறை வடக்கே, ஒருமுறை தெற்கே. தகரத்தின் பிழை ஒரு பக்கம் பார்த்து வராது. றஞ்சினியின் கிணறுகளோ ஒன்று தப்பாமல் படலைப் பக்கம்தான் நகர்ந்திருந்தன. கழுத்தில் தொங்கவிட்டால் உடம்பு பாதி வானத்தை மறைக்கும், அதையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மெசின் தங்கம்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பழைய பழக்கம் விடவில்லை. கதையைக் கேட்காமல் பெட்டியை மூடக்கூடாது. அந்தக் கருவிகளில் நடந்த பாதை தானாகவே பதிவாகும். எத்தனை மணிக்கு எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் எல்லாம் இருக்கும். றஞ்சினியின் பாதையைக் கணினியில் விரித்தேன்.

ஒரே ஒழுங்கை. முதல் வீட்டில் அவவின் பாதை படலைக்குள்ளால் போய், வீட்டைச் சுற்றிக் கிணற்றடியில் நின்று திரும்புகிறது. அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாம் வீட்டில் படலையோடு நிற்கிறது. சோம்பலில் அமத்திவிட்டுப் போகிறவருக்கு ஒரு நிமிடம் போதும். றஞ்சினி அந்தப் படலையில் பதினாறு நிமிடம் நின்றிருக்கிறா. அடுத்த படலையில் பன்னிரண்டு. இன்னொன்றில் இருபது. நல்ல வெயில் நேரம், நிழல் இல்லாத ஒழுங்கை. பஞ்சி பிடித்த எவர் வெயிலுக்குள் இருபது நிமிடம் நிற்பார்?

படிவங்களை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொரு கிணற்றுக்கும் நீர்மட்டம் எழுதியிருந்தது, தண்ணீர்ப் போத்திலும் வந்திருந்தது. கிணற்றடிக்குப் போகாத ஆளிடம் தண்ணீர் எப்படி வந்தது? வீட்டுக்காரர் அள்ளிக்கொண்டுவந்து படலைக்கு மேலால் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவ வெளியே காத்து நின்றிருக்கிறா. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. "பிள்ளை எவடம்?" என்று நாங்கள் ஒரு கேள்வி கேட்போமே, ஊரை விசாரிக்கிற மாதிரிச் சாதியை விசாரிக்கிற கேள்வி, அதற்கு அவ உள்ளதைச் சொல்லியிருக்கிறா. சொன்னதும் படலை மூடிவிட்டது.

அந்த முப்பத்தொரு வீட்டுப் பெயர்களையும் பட்டியலில் தேடினேன். ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் அது என் ஊர். தெரிந்த பெயர்களாகவே வந்தன. இருபத்தேழாம் இலக்கத்துக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. அது என் வீடு.

எங்கள் படலைத் தூணில் அந்த இலக்கம் ஒட்டியிருந்ததை ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் பார்த்தபடிதான் வேலைக்குப் போய்வந்தேன். இலக்கத்தைக் கிணற்றின் சுற்றுக்கட்டின்மேல்தான் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஏன் தூணில் ஒட்டியிருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா? எங்கள் கிணற்றுக்கும் இலக்கம் வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன், அவ்வளவுதான். ஊரார் கருவியில் ஐந்து மீற்றர் பிழை பிடிக்கிற ஆள்!

வீட்டுக்குப் போய் மனைவி பரமேசிடம் கேட்டேன்.

"கிணறு அளக்க ஒரு பிள்ளை வந்ததோ?"

"ஓம், அது எப்பவோ. நான்தான் போத்திலிலை தண்ணி நிரப்பிக் குடுத்தனான்."

"ஏன் உள்ளை விடேல்லை?"

பரமேஸ் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தா. பிறகு, "நான் கூடாத கதை ஒண்டும் கதைக்கேல்லை. கதிரை கொண்டுபோய்ப் படலையடியிலை போட்டு இருக்கச் சொன்னனான். இருக்கேல்லை, நிண்டுகொண்டே நிண்டவ" என்றா.

"கதிரை போட்டனீராம், கதிரை! கிணத்தடிக்கு ஏன் விடேல்லை எண்டு கேக்கிறன்."

"என்னிலை மட்டும் பாயாதேங்கோ. அக்கம்பக்கம் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்குதுகள். நீங்கள் அண்டைக்கு வீட்டிலை நிண்டிருந்தா, வா பிள்ளை எண்டு கூட்டிக்கொண்டு போயிருப்பியளோ?"

போயிருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. அது பொய். நான் விறாந்தையில் பேப்பர் வாசித்தபடி, இது பொம்பிளையள் பார்க்கிற விசயம் என்று இருந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

அடுத்த நாள் காலை ஆணியடியில் றஞ்சினியைத் தனியே பிடித்தேன்.

"பிள்ளை, இருபத்தேழாம் இலக்கம் என்ரை வீடெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. கந்தோர் மழைச்சட்டை கொடியிலை காய்ஞ்சுது. உங்கடை பேரும் அதிலை எழுதியிருந்தது."

"ஆறு மாதம்! ஒவ்வொரு நாளும் என்னட்டைத்தானே மெசின் வாங்கிக்கொண்டு போறீர். ஒரு சொல் சொல்லேல்லையே?"

"என்னத்தைச் சொல்ல? சொன்னா, நீங்கள் அக்காவோடை சண்டை பிடிப்பியள். இல்லாட்டிப் பிடிக்காமல் இருப்பியள். ரெண்டையும் பாக்க எனக்கு விருப்பமில்லை அண்ணை."

கையிலிருந்த கருவியை ஆணியில் வைத்தேன்.

"அதுக்காக மெசினிலை பழியைப் போடுறதோ? வேலை போகப்போகுதே!"

"மெசினைச் சொன்னா மெசினுக்கு நோகாதுதானே."

மெசினுக்கு நோகவில்லை, எனக்கு நொந்தது. சேரிடம் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினா. முப்பத்தொரு வீட்டுப் படலையில் நின்றதைக் கந்தோர் முழுக்க அறிந்து, எல்லாரும் தன்னைப் பாவம் பார்ப்பதைவிட வேலை போனாலும் பரவாயில்லை என்றா. நியமனம் கிடைக்காவிட்டால் தம்பியின் படிப்பு நிற்கும் என்று எனக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் அவவுக்கு நோகும், மெசின் சரி என்று மட்டும் சொன்னால் அவவின் வேலை போகும், மெசின் பிழை என்று பொய் சொன்னால் அத்தனை பிள்ளைகளும் நம்பி எடுத்துப்போகிற கருவி எல்லாம் பொய்யாகும். ஆணியடியில் நின்று நல்லாக யோசித்தேன்.

"நான் இருபத்தேழை மட்டும் சொல்லுறன்" என்றேன். "மற்ற முப்பதும் உம்முடைய விசயம். அதைச் சொல்லுறதும் விடுறதும் நீர். இருபத்தேழு என்ரை வீடு. அதைச் சொல்ல எனக்கு ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

றஞ்சினி ஆணியிலிருந்த கருவியை எடுத்துத் துடைத்தா. வேண்டாம் என்று சொல்லவில்லை.

சேரின் அறையில் பாஸ்கரன், றஞ்சினி, நான். பாஸ்கரன் தாளை வைத்துத் தன் முறைப்பாட்டைச் சொன்னார். சேர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். வழமையான கேள்வியை றஞ்சினியிடம் கேட்பார் என்று பார்த்தேன். என் பக்கம் திரும்பி, "மெசின் என்ன சொல்லுது தவம்?" என்றார்.

"மெசினிலை பிழை இல்லை சேர். அளந்த இடம் படலைதான்."

றஞ்சினி தலையைக் குனிந்தா. பாஸ்கரன் நான் சொன்னேனே என்பதுபோல் நிமிர்ந்தார்.

"ஆனா இருபத்தேழாம் இலக்கத்திலை இவ பதினேழு நிமிசம் நிண்டிருக்கிறா. அது என்ரை வீடு சேர். என்ரை வீட்டிலை இவவைக் கிணத்தடிக்கு விடேல்லை. தண்ணியை நாங்கள் அள்ளிக் குடுத்திருக்கிறம். நீர்மட்டம் எவ்வளவெண்டு நாங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்ல, இவ எழுதியிருக்கிறா. பிழை விட்டது என்ரை வீடு."

அவ்வளவு வெட்கத்தோடு நான் வாழ்க்கையில் ஒரு வசனமும் பேசியதில்லை. ஆனாலும் உத்தியோகத்தில் நான் பேசியவற்றில் இன்றைக்கும் பெருமைப்படுகிற வசனம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பாஸ்கரன் தாளைக் கையில் எடுத்து, மற்ற முப்பது இலக்கங்களையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் கெட்டிக்காரர், விளங்கிக்கொண்டார். காது சிவந்துபோய்த் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

சேர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கடை ஆக்கள் மீன் கொண்டுபோகேக்குள்ளையும் இப்பிடித்தான். ஆள் படலையோடை. மீன் மட்டும் உள்ளை போகும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பாஸ்கரன், படிவத்திலை 'அனுமதி மறுப்பு' எண்டு ஒரு கட்டம் இருக்கல்லோ?"

"ஓம் சேர். நாய் நிக்கிற வீடு, பூட்டின வீட்டுக்கு."

"முப்பத்தொண்டையும் அந்தக் கட்டத்திலை போடும். கிணறு அளக்கேல்லை. இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாத கிணத்துக்கு அறிக்கையும் இல்லை. எங்கடை உத்தியோகத்தர் கிணத்தடியிலை நிண்டு அளந்தாத்தான் கிணறு. தவம், அதுக்கொரு முறை எழுதித் தாரும். ஒருத்தரும் வளைக்கேலாத மாதிரி எழுதும்." றஞ்சினியிடம், "நீர் போய் வேலையைப் பாரும் பிள்ளை" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நியமனக் கடிதம் வந்தது.

நான் எழுதிய முறை அரைப் பக்கம்தான். கருவியைக் கிணற்றுக் கட்டின்மேல் முகம் வானம் பார்க்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் அசையக்கூடாது. நாடாவை உத்தியோகத்தரே இறக்க வேண்டும், போத்திலையும் அவரே நிரப்ப வேண்டும். இலக்கத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் ஒட்ட வேண்டும். மனித உடம்பு சைகையை மறைக்கும், ஆகவே அந்த ஐந்து நிமிடமும் உத்தியோகத்தர் கட்டுக்குக் கீழே குந்தியிருக்க வேண்டும், மற்றவர்கள் ஐந்தாறு மீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டும். சாதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எல்லாம் சுத்தமான தொழில்நுட்பம். எந்தப் பெரிய மனுசனும் அதில் ஒரு எழுத்தைப் பிழை சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தார்கள். தொலைபேசியில் கத்தினார்கள், மேலிடத்துக்கு எழுதினார்கள், என் சொந்தக்காரர் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. சேர் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: "முறை அப்பிடி." தண்ணீர் அறிக்கை எல்லாருக்கும் வேண்டும். ஒவ்வொரு படலையாகத் திறந்தது. நான்கு வீடுகள் கடைசிவரை திறக்கவில்லை. வரைபடத்தில் அந்த நான்கு வளவும் இன்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. அதையும் சரியான அளவு என்றுதான் சொல்வேன்.

முதலில் திறந்த படலை எங்களுடையது. மறு அளவை எங்கிருந்து தொடங்குவது என்று றஞ்சினி கேட்டபோது, இருபத்தேழிலிருந்து என்றேன். அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். பரமேசோடு இரண்டு நாள் வாக்குவாதம், மூன்றாம் நாள் மௌனம். "என்னவும் செய்யுங்கோ, நான் வெளியிலை வரமாட்டன்" என்று சொல்லியிருந்தா.

றஞ்சினி வந்து வழக்கம்போலப் படலைக்கு வெளியே நின்று, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டா. நான் போய்ப் படலையின் இரண்டு கதவையும் அகலத் திறந்தேன். அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் இரண்டு தலை தெரிந்தது. தெரியட்டும். றஞ்சினி அவற்றைப் பார்க்கவில்லை. முற்றத்தால் நடந்து, வீட்டைச் சுற்றி, கிணற்றடிக்குப் போனா. அவவுக்குப் பின்னால்தான் நான் நடந்தேன்.

நாடாவை இறக்கினா. எழுதியிருந்த பழைய படிவத்தைப் பார்த்தா. "போன முறை பதினெட்டடி எண்டு சொன்னவை. இருபத்தொண்டரை இருக்குது" என்று உரக்கச் சொல்லி எழுதினா. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளிப் போத்திலை நிரப்பி மூடினா. பழைய துலா ஏற்றத்துக்குப் பதில் நாங்கள் போட்ட கப்பி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கோ, பதினெட்டு என்று தான் சொன்னது பிழைத்த ரோசத்துக்கோ தெரியாது, பரமேஸ் அடுப்படிக் குசினிக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டா. விடுவிடென்று கிணற்றடிக்கு வந்து, "எங்கை, இருபத்தொண்டரையோ?" என்று கட்டின்மேல் கையை வைத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தா. நானும் பக்கத்தில் போய் நின்றேன். றஞ்சினி கருவியை எடுத்துக் கட்டின்மேல் வைத்துவிட்டுக் குந்தினா. திரையைப் பார்த்தா. எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தா.

"அக்கா, அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருத்தரும் கிணத்துக்குக் கிட்ட வரப்படாது."

பரமேஸ் என்னைப் பார்த்தா. நான் எழுதின முறை. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்து குசினிப் படியடிக்குப் போய், அந்த ஐந்து நிமிடமும் எங்கள் கிணற்றைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.